ஆரணிக் கோட்டையில் யார் பெயரை எழுதுவது?

எடுத்தனூர் நடுகல்லில் ஒரு நாயின் பெயர் எழுதியிருக்கிறது. கோவிவன். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், செங்கம் பக்கத்து அந்த ஊரில் எருமை மந்தையைக் கவரக் கள்ளர்கள் வந்தார்கள். கருந்தேவக்கத்தி என்பவன் மந்தையைக் காத்து நின்று செத்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. ஊரார் ஆளையும் நாயையும் சேர்த்தே கல்லில் செதுக்கி, எந்த அரசன் காலம், யார், எதற்காக இறந்தான் என்பதை வட்டெழுத்தில் எழுதி வைத்தார்கள்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், 1,100 ஆண்டுகள் கழித்து, 1751 டிசம்பரில் ஆரணிக்கு வெளியே நெல்வயலில் கிழக்கிந்தியக் கும்பினியின் ராபர்ட் கிளைவுக்காக 700 சிப்பாய்கள் சண்டை போட்டார்கள். எதிரே, பிரெஞ்சுக்காரர் துணையோடு நின்ற, சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் பக்கமும் 2,000-க்கு மேல் சிப்பாய்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலும் இந்த மண்ணின் ஆட்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட நாம் பள்ளியில் படித்த புத்தகத்தில் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது, 18ஆம் நூற்றாண்டில் மனிதனுக்குக் கிடைக்காமல் போயிற்று.

போளூர், ஆரணி, செங்கம், வந்தவாசி வட்டாரத்துக்கு ஒரு போர் வரலாற்று அருங்காட்சியகம் வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கேட்பவர்கள் உடனே பீரங்கியையும் வாளையும்தான் நினைக்கிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது பெயர்ப் பட்டியல்.

நான் போளூர்க்காரன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ராணுவத்தில் எங்களைத் 'தம்பி' என்பார்கள். எங்கள் படை பிறந்தது 1780 செப்டம்பர் 30 அன்று, சென்னைக் கோட்டையில், இரண்டு பயோனியர் கம்பெனிகளாக. அதற்குச் சரியாக 20 நாள் முன்பு, செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கும்பினியின் கர்னல் பெய்லி படையை முழுதாக அழித்திருந்தார்கள். அந்த அடி வாங்கிய கையோடுதான் பாதை போடவும் பாலம் கட்டவும் அகழி தோண்டவும் தனி ஆட்கள் வேண்டும் என்று கும்பினிக்குப் பட்டிருக்க வேண்டும். அவர்களைத் திரட்டிய லெப்டினன்ட் மூர்ஹவுஸ் 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டை வாசலில் இறந்தார். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி எடுத்த நாட்களில் இந்தக் கதையைக் கேட்டபோதுதான், நான் சேர்ந்த படையே எங்கள் ஊர்ப்பக்கச் சண்டையின் பிள்ளை என்று தெரிந்தது. வரலாற்றின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

சாப்பராக இருந்தவன் ஒரு நிலத்தைப் பார்த்தால் மேடு எங்கே, ஈரம் எங்கே, வண்டி எங்கே சிக்கும் என்றுதான் பார்ப்பான். ஆரணிச் சண்டையை அப்படிப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். கிளைவ் நின்ற இடத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சிய நெல்வயல். இடப்பக்கம் தோப்பு, அங்கே மராட்டியத் தலைவன் முராரி ராவ் அனுப்பிய குதிரைகள். வலப்பக்கம் ஒரு கிராமம், அங்கே சிப்பாய்கள். வயலுக்கு நடுவே ஒரு கரைப்பாதை. பிரெஞ்சுப் பீரங்கிகளுக்கு அந்தக் கரையை விட்டால் வேறு வழி இல்லை. கரைமேல் வரிசையாக வந்த படையைப் பக்கவாட்டில் சுட்டால் எங்கே ஒதுங்குவது? சேற்றில்தான் இறங்க வேண்டும். இறங்கினார்கள். சேற்றில் நின்றபடி எவ்வளவு நேரம் வரிசை கட்டிச் சுட முடியும்? பொழுது சாய்வதற்குள் ராஜா சாகிப்பின் படை குலைந்தது. கிளைவின் திறமையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டிய விவசாயிக்கு அதில் உள்ள பங்கை யாரும் எழுதவில்லை. அந்த மனிதனின் நெல் அந்த வருடம் என்னவாயிற்று என்பதும் எங்கும் இல்லை.

சண்டை முடிந்ததும் ராஜா சாகிப்பின் சிப்பாய்களில் 600 பேர் துப்பாக்கியோடு வந்து கிளைவிடம் சேர்ந்தார்கள். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிலர், "துரோகிகள்" என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. சம்பளம் தருகிறேன் என்றவனிடம் சேர்ந்து, அவன் தோற்றால் அடுத்தவனிடம் போவதுதான் அன்றைய கூலிப்படையின் வாழ்க்கை. தேசம் என்ற எண்ணம் உருவாகாத காலத்தில் அவர்களிடம் தேசபக்தியைத் தேடுவது நியாயம் இல்லை. அருங்காட்சியகம் அவர்களைத் திட்டவும் வேண்டாம், தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஏன் போனார்கள், என்ன சாப்பிட்டார்கள், வீட்டுக்கு என்ன அனுப்பினார்கள் என்று காட்டினால் போதும்.

சாப்பாடு என்றதும் 1782 வந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஜூன் 2 அன்று ஆரணியில் இரண்டாவது பெரிய சண்டை. இந்த முறை கும்பினித் தளபதி சர் அயர் கூட்டும் ஹைதர் அலியும். இரண்டு ஆண்டுக்கு முன் செங்கம் கணவாய் வழியாக இறங்கிய ஹைதர், ஆரணியைத் தன் களஞ்சியமாக வைத்திருந்தார். தானியமும் வெடிமருந்தும் இங்கேதான். கூட்டின் கதையோ நேர் எதிர். அவர் படைக்கு மாடும் இல்லை, அரிசியும் இல்லை. சில நாளுக்கு உண்டானதைச் சுமந்துகொண்டு கிளம்பி, அது தீருமுன் திரும்பிவிட வேண்டும். அந்தப் போர் முழுக்க அவர் எழுதிய கடிதங்களில் இந்தப் புலம்பல்தான். ஆகவே ஆரணியின் நெல்லைப் பிடிக்க வந்தார். ஹைதர் முந்திக்கொண்டு திப்புவை அனுப்பி ஆரணியைக் காப்பாற்றிவிட்டு, கூட்டின் படை மேல் பீரங்கிகளைத் திருப்பினார். ஹைதரின் படை ஆற்றைக் கடந்து பின்வாங்கும்போது ஒரு பீரங்கியும் சில மருந்து வண்டிகளும் கூட்டின் கையில் சிக்கின. கிடைத்தது அவ்வளவுதான். ஆரணி கிடைக்கவில்லை. அந்த இருவரும் நேருக்கு நேர் மோதிய கடைசிப் பெரிய சண்டை இது. அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டையில் ஹைதர் இறந்தார். 1783 ஏப்ரலில் சென்னையில் கூட் இறந்தார்.

இரண்டு தளபதிகளுக்கும் முடிவு தெரிகிறது. ஊர்களுக்கு? மாடு போயிற்று, ஏரிக்கரை உடைந்தது, குடிகள் ஊரை விட்டு ஓடினார்கள். 1782-இல் சென்னையில் பஞ்சம். 1785-இல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசும்போது கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியின் அழிவையும், ஏரிகளைக் கட்டி வைத்த பழைய அரசர்களையும் சேர்த்தே பேசினார். நம் ஏரிகளுக்கு நேர்ந்த கதியை லண்டனில் பேசியிருக்கிறார்கள். போளூரில் ஒரு பலகை கிடையாது.

அருங்காட்சியகத்தில் நான் முதலில் கேட்பது ஒரு சேண்ட் மாடல். படையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்னால் மணலில் நிலத்தைச் செய்து காட்டி விளக்குவார்கள். ஒரு பெரிய கூடத்தின் தரை முழுக்க, ஜவ்வாது மலை, செங்கம் கணவாய், செய்யாறு, கமண்டல நாகநதி, பாலாறு என்று நிலத்தைச் செய்து வைத்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் புரியும். மைசூரிலிருந்து சென்னைக்குப் போகிற எவனும் செங்கம் போன்ற ஒரு கணவாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதனால்தான் 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டை நடந்தது. 1780-இல் ஹைதர் அதே வழியில் வந்தார். பழைய காலத்திலும் இதே கதைதான். செங்கண்மாவின் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், இந்தப் பக்கத்துக் கவர்வழிகளில் பெயர் எழுதி நட்ட கற்கள் நிற்பதைச் சொல்கிறது. படைவீட்டில் சம்புவராயர்கள் கோட்டை மலையை நம்பி ஆண்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் அவர்களை அடக்கிவிட்டுத்தான் மதுரைக்குப் போனான். மலையும் கணவாயும் மாறாதபோது சண்டை போடுகிற இடமும் மாறுவதில்லை. புள்ளலூரையே பாருங்கள். மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமாகப் பல்லவச் செப்பேடு அதைச் சொல்கிறது. பிறகு 1780, மறுபடி 1781.

அந்தப் புள்ளலூரில் இன்று இரண்டு கூம்புத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று நடந்த சண்டையில் உயிர்விட்ட லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு ஒன்று, கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு ஒன்று. அவர்களும் போர்வீரர்கள், அந்தத் தூண்களை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் அன்று அதே வயலில் செத்த சிப்பாய்களுக்கு ஒரு கூழாங்கல்லும் நடப்படவில்லை. கல் நட்டுப் பெயர் எழுதிய நாட்டில் இது நடந்ததுதான் என்னை உறுத்துகிறது.

நம்மைப் பாராட்டும்போதுகூடப் பெயர் கிடையாது. 1751-இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில், சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஒரு கதையை ஆங்கிலேயர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையிலும் ஒரு சிப்பாயின் பெயர் இல்லை.

தமிழ்நாட்டில் போர்ப்பொருள்களைக் கூட்டிக் காட்டிய முக்கியமான முயற்சி சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். மெட்ராஸ் கார்ட்ஸ் படையின் லெப்டினன்ட் கர்னல் டி. எம். ரீட் என்ற அதிகாரி அந்த எண்ணத்தை முதலில் எடுத்தார். தானே பொருள்களைத் தேடிச் சேர்த்தார். செயின்ட் மேரி தேவாலயமும் எழும்பூர் அருங்காட்சியகமும் அரசும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தன. புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்சாக 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பழைய கட்டடத்திலேயே 1948-இல் திறந்தார்கள். ஓர் அதிகாரி மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ரீட்டுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். உள்ளே சீருடைகள், பதக்கங்கள், கொடிகள், பீங்கான், கவர்னர்களின் ஆளுயர ஓவியங்கள் எல்லாம் இருக்கின்றன. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் திப்புவின் பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏறிய நம் கொடியும் 2013-லிருந்து அங்கே காட்சிக்கு இருக்கிறது. அந்தக் கொடியின் முன்னால் நிற்கும்போது எனக்கு உடம்பு தானாக விறைப்பாகிவிடும். ஆனாலும் கூடம் கூடமாக நடந்து வெளியே வந்தால் மனதில் நிற்கிற முகங்கள் கவர்னர்களுடையவை. சுபேதார், நாயக், சிப்பாய் என்று ஒரு முகம் நிற்பதில்லை. ஆரணியில் கட்டுவது இதன் சின்னப் பிரதியாக இருந்தால் கட்டாமலே விடலாம்.

பொருளே இல்லாமல் எதை வைப்பது என்று கேட்பார்கள். பொருள் போன கதை ஒன்றும் சொல்ல வேண்டும். தஞ்சை அரசு 1855-இல் கும்பினி கைக்குப் போனபின் அந்த அரண்மனையின் ஆயுதசாலை சென்னைக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. தலைமுறைகள் சேர்த்த வாளும் கட்டாரியும் ஈட்டியும் குவியலாகக் கிடந்து, பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. மிஞ்சிய சிறு பகுதிதான் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆயுதங்களை அழித்த பெரிய எதிரி பழைய இரும்புத் தராசு. இன்றைக்கும் அதுதான்.

ஆனால் மண் கொடுக்கும். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்ற ஊரில் 2018-இல் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் கிடைத்தன; புள்ளலூரில் பெய்லி படையின் மேல் பறந்த ராக்கெட்டுகளின் இனம். ஆரணி வயலிலும் ஆற்றுப் படுகையிலும் ஈயக் குண்டோ இரும்புக் குண்டோ கிடைத்தால் அதை மீன் வலைக்குக் கட்டிவிடாதீர்கள், கடையில் போடாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதைபொருளையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வெடிக்காத குண்டு போலத் தெரிந்தால் தொடவே வேண்டாம், போலீசுக்குச் சொல்லுங்கள். கண்ணிவெடி எடுத்த கையால் இதை எழுதுகிறேன்.

இடம் ஆரணிக் கோட்டைதான். அகழியின் மிச்சமும் மைதானமும் பழைய கட்டடங்களும் இருக்கின்றன. அரசு அலுவலகங்கள் உள்ளே நடக்கின்றன. கனத்த சுவரும் சுண்ணாம்புக் காரையும் உள்ள ஒரு பழைய கட்டடத்தை ஒதுக்கிச் செப்பனிட்டால் சித்திரை வெயிலிலும் உள்ளே சூடு ஏறாது. முகப்பெல்லாம் கண்ணாடி வைத்த புதுக் கட்டடம் நமக்கு ஆகாது. இரும்புக்கு ஐப்பசி ஈரம் எமன். காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மூடிய பெட்டி வேண்டும். துணிக்கும் கடிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது. இந்த இரண்டு எண்களையும் முதல் நாளே வரைபடத்தில் எழுதிவிட வேண்டும், பிறகு பணம் இருக்காது.

நடுகற்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. செங்கம், ஜவ்வாது மலைப் பக்கம் பல கற்கள் இன்றும் வேடியப்பன் சாமியாக வழிபாட்டில் இருக்கின்றன. பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். 1,400 ஆண்டு நினைவு ஊர்க்காரர்கள் கையில் உயிரோடு இருக்கும்போது அதைக் கூடத்துக்குள் அடைப்பது பாவம். தொல்லியல் துறை 1970களிலேயே செங்கம் நடுகற்களைப் படியெடுத்து நூலாக்கிவிட்டது. அச்சு வார்த்து நகலை இங்கே வைக்கலாம். எண்ணெய் வண்ணம் பூசாதீர்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். மூலம் வேடியப்பன் கோயிலிலேயே இருக்கட்டும்.

தறிக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் அதன் மெல்லிய நெசவுக்குப் பேர்பெற்றது, இன்று பட்டு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் தலைப்பாகை. தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை, தாடியை மழி, திருநீறு பூசாதே, கடுக்கன் போடாதே என்ற உத்தரவு. பழைய தலைப்பாகையும் புதியதும் எப்படி இருந்தன என்பதை ஓவியங்களைப் பார்த்து ஆரணித் தறியிலேயே நெய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், துணியையும் தோலையும் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த எழுச்சி பத்துப் பக்கப் பாடத்தைவிட நன்றாகப் புரியும்.

கடைசிக் கூடம் நம் காலத்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய சலவைக்கல் தமிழ்நாட்டில் பல கிராமங்களில் இருக்கிறது. அதிலும் எண்ணிக்கை மட்டும்தான். இரண்டாம் உலகப் போரில் நிலைமை கொஞ்சம் மாறியது. எங்கள் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி வெடிக்கப்போவதைக் கண்டு அதன்மேல் தானே விழுந்து சுற்றியிருந்தவர்களைக் காப்பாற்றினார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்றவர் அவர். செங்கல்பட்டு ஜில்லாக்காரர். எங்களுக்குப் பயிற்சியில் அவர் பெயரைச் சொல்லித்தான் கண்ணிவெடிப் பாடத்தைத் தொடங்குவார்கள். கருந்தேவக்கத்திக்குப் பிறகு, பெயரோடும் காரணத்தோடும் நினைக்கப்படுகிற ஆளாக எனக்கு அவர்தான் தெரிகிறார்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்பார்கள். வீட்டுக்கு வீடு படைக்காரர்கள். போளூர், ஆரணி, கலசப்பாக்கம் வட்டாரத்திலும் ஒவ்வொரு ஊரிலும் சிலர் உண்டு. 1962, 1965, 1971, கார்கில் என்று போனவர்களின் டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், பாசறைக் கடிதம், டிரங்குப் பெட்டி எல்லாம் பரண்மேல் இருக்கின்றன. பெரியவர் கண்ணை மூடியதும் பேரன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடுகிறான். இதைத்தான் நிறுத்த வேண்டும்.

கட்டடம் வர வருடங்கள் ஆகும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் வீட்டில் படையில் இருந்தவர் யாராவது உண்டென்றால் ஒரு நோட்டில் அவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், படைப்பிரிவு, எண், எந்த ஆண்டு சேர்ந்தார், எங்கெங்கே இருந்தார் என்று எழுதுங்கள். உயிரோடு இருந்தால் அவர் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் விளிம்பில் பொறித்த பெயரும் எண்ணும் அழிந்துவிடும். பெட்டியை விற்காதீர்கள். அருங்காட்சியகம் திறக்கும் நாளில் முதல் சுவருக்கு அந்தப் பெயர்கள்தான் வேண்டும்.